சொம்பைச் சுற்றி அரை இஞ்சு

ஜெபராஜ் சாரின் சிவப்புப் பென்சில் இன்னும் ஜன்னல் பக்கத்து வரிசையில்தான் இருந்தது. அங்கிருந்து அது ஒவ்வொரு பலகையாக நின்று, குனிந்து, கீறி, தவமணியிடம் வந்து சேர எப்படியும் நேரம் பிடிக்கும், அதற்குள் முக்காலி மேல் இருக்கும் அந்தப் பித்தளைச் சொம்பையும் பக்கத்தில் படுத்திருக்கும் செங்கல்லையும் உள்ளது உள்ளபடி தாளில் இறக்கிவிட வேண்டும். இறக்கிவிட்டால் இந்த அறையிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பக்கத்து அறைக்குப் போய்ப் பூவும் மயிலும் மாங்காயும் போடுகிற பெண்களோடு உட்கார வேண்டும். இதைச் சார் போன வாரம் திட்டிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள், அவர் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இனிக்க இனிக்கச் சொன்னார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கை வேற வேலைக்குப் பழகுன கை. டிசைன் பேட்ச்ல உக்காந்தீங்கன்னா உங்க தொழிலுக்கும் பிரயோசனமா இருக்கும். அடுத்த வாரம் ஒரு தடவ பாப்போம், சரி வரலைன்னா மாத்திக்கிருவோம்.” முப்பது வயசுகூட ஆகாத பையன், தாடியை மட்டும் அழகாக ஒதுக்கி வைத்திருக்கிறான், பையன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம், வாயில் சார்தான். உங்க தொழிலுக்கும் பிரயோசனமா இருக்கும். அந்த ஒரு வார்த்தை ஒரு வாரமாக அவள் காலில் குத்தின முள் மாதிரி இருந்தது, பிளவுஸுக்குக் கொக்கி தைக்கும்போது, அரிசி களையும்போது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் நினைவுக்கு வந்து வந்து குத்தியது. தொழிலுக்குப் பிரயோசனம் வேண்டுமென்று யார் கேட்டது. தொழிலுக்குப் பிரயோசனமாக இருபத்தைந்து வருஷம் இருந்தாயிற்று.

அவள் சொம்பைப் பார்த்தாள். சொம்பு அவளைப் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு ஜன்னல் வெளிச்சத்தை வயிற்றில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது, யாரோ நேற்றுத்தான் புளி போட்டு விளக்கியிருக்கிறார்கள், கழுத்துக்குக் கீழே மட்டும் கை போகாமல் கறுத்துக் கிடந்தது. மெல்லிசாகப் போடுங்க, தேடித் தேடிப் போடுங்க என்பார் சார், ஒரே கோடாக அழுத்திப் போடாதீங்க, பத்துக் கோடு லேசாகப் போட்டால் அதில் ஒன்று சரியாக இருக்கும் என்பார். வந்த புதிதில் இது அவளுக்குப் பெரிய அக்கிரமமாகப் பட்டது. கோடு என்றால் ஒன்றுதான். கல்யாணப் பட்டின் மேல் சாக்பீஸை வைத்துப் பத்துக் கோடு தேடினால் எந்தக் கோட்டில் கத்தரி வைப்பது, துணிக்காரி சும்மா விடுவாளா. ஆனாலும் கற்றுக்கொண்டாள், வீம்புக்காகவாவது கற்றுக்கொண்டாள். ஸ்கேல் இல்லாமல் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நேர்க்கோடு, ஒரு தாள் முழுக்க நேர்க்கோடு, பிறகு சாய்கோடு, பிறகு வட்டம், பிறகு அமுக்கின வட்டம், மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீசி வீசி, ராத்திரி படுத்தால் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும். மெஷின் மிதித்து வராத வலி வட்டம் போட்டு வந்தது. புருஷன் குருநாதன் ஒன்றும் தடுக்கவில்லை, அவர் தடுக்கிற ஜாதி இல்லை, கேலிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல், வட்டம் போட்டாச்சா, இன்னைக்காவது ரெண்டு முனையும் சேந்துச்சா என்று கேட்பார். சேர்ந்தது என்பாள். சேராத அன்றைக்கும் சேர்ந்தது என்றே சொன்னாள்.

வட்டம் சேர்ந்தது, நேர்க்கோடு நேராக நின்றது, அதிலெல்லாம் சாருக்குக் குறையே இல்லை, குறை எல்லாம் பொருளைப் பார்த்துப் போட ஆரம்பித்த பிறகுதான். எதைப் போட்டாலும் ஊதிப்போய் இருக்கிறது என்றார். முதலில் எலுமிச்சம்பழம், அது சாத்துக்குடி ஆயிற்று. பிறகு டம்ளர், அது சின்ன அண்டாவாக வந்து நின்றது. செங்கல்லைக்கூட விடவில்லை, செங்கல் பன் ரொட்டி மாதிரி உப்பியிருக்குக்கா என்று சிரித்தார், பக்கத்திலிருந்த பிள்ளைகளும் சிரித்தன, அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணில் ஏதோ கோளாறு. ஊசியில் நூல் கோக்கிற கண், அதில் கோளாறு என்றால் பொழைப்பு என்னாவது, அம்மாவுக்கு இப்படித்தான் சர்க்கரையில் கண் போனது, முதலில் எல்லாம் பெரிதாகத் தெரிந்ததா மங்கலாகத் தெரிந்ததா, ஞாபகமில்லை. மறுநாளே கண்ணாடிக் கடைக்குப் போய் அந்த இயந்திரத்தில் தாடையை வைத்து, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள். போன வருஷத்துப் பவரே போதும், எதுக்கு வந்தீங்க என்று கேட்டான் கடைக்காரன். சொம்பு பெருசாத் தெரியுது என்று சொல்ல முடியுமா. சும்மா ஒரு செக்கப் என்று சொல்லிவிட்டு வந்தாள். கண்ணில் கோளாறு இல்லை என்றால் கையில், கையிலும் இல்லை என்றால் புத்தியில், புத்தியில் என்றால் அதற்கு எந்தக் கடையில் கண்ணாடி போட்டுத் தருவார்கள்.

எதிர்ச்சாரி மண்டபத்திலிருந்து நாதஸ்வரம் இழுத்துக்கொண்டிருந்தது, இன்னும் முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறது, இப்போது மெதுவாகத்தான் வாசிப்பார்கள். சாம்பார் தாளிக்கிற வாசனை ஆரப்பாளையம் தெருவைத் தாண்டி இந்த மாடிக்கு ஏறி வந்தது, பென்சில் பிடித்துக்கொண்டு பெருங்காயத்தை மோந்தால் கை எங்கே நிற்கும். அந்த மண்டபத்தில் மணையில் உட்காரப்போகிற பெண்ணின் பிளவுஸ் தவமணி தைத்தது. நிச்சயதார்த்தத்தின்போது அளவு கொடுத்துவிட்டுப் போன பெண், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள், போட்டால் மூச்சு முட்டுகிறது என்று. விருந்து விருந்தாகப் போய்ச் சாப்பிட்டால் முட்டாமல் என்ன செய்யும். அம்மாக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. தவமணி பிளவுஸைத் திருப்பிப் போட்டு, பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, உள்ளே மடங்கிக் கிடந்த துணியைக் கொஞ்சம் வெளியே விட்டு, மறுபடி ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தாள். பெண் போட்டுப் பார்த்துவிட்டு, நல்லா மூச்சை இழுத்து விட்டு, சிரித்தது. இப்போது அங்கே அந்தப் பெண் மாலையைச் சுமந்துகொண்டு சௌகரியமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இங்கே தவமணிக்குத்தான் முட்டியது.

இந்த வகுப்புக்கு அவள் வந்ததே ஒரு கரண்டு இல்லாத மத்தியானத்தால்தான். மெஷின் ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை, வெட்டுமேஜை மேல் தண்ணி பாட்டில் ஒன்று இருந்தது, கையில் சாக்பீஸ் இருந்தது, சும்மா இருக்க முடியாத கை, பாட்டிலைப் பார்த்து மேஜை மேலேயே ஒரு பாட்டில் போட்டாள். மூடி, கழுத்து, நடுவில் அமுங்கின இடுப்பு. கரண்டு வந்தது, மறந்துவிட்டாள். மறுநாள் காலையில் கடையைத் திறந்தால் பாட்டில் அப்படியே இருந்தது. தண்ணி பாட்டில் இல்லை, அதைக் குருநாதன் எடுத்துக்கொண்டு போய்விட்டார், சாக்பீஸ் பாட்டில். அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, கொஞ்ச நேரம் கத்தரியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் கோடு போட்டிருப்பாள், கழுத்துக்கு, கைக்கு, முதுகுக்கு, ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா. போட்ட கோட்டின் மேலேயே கத்தரி போகும், கோடு இரண்டாகப் பிளக்கும், தையல் ஏறியதும் இருந்த இடம் தெரியாது, மிச்சம் மீதி முதல் சலவையில் போய்விடும். வெட்டுப்படாத கோடு ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாகப் போட்டிருக்கிறாள், அதுவும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். இதை யாரிடம் சொல்வது. ஓசூரிலிருக்கும் மகளிடம் போனில் சொன்னபோது அவள், நல்லதும்மா, ஆரி வேலைக்கு டிசைன் நீயே போட்டுக்கலாம் என்றாள். எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள், பூவில், மயிலில், மாங்காயில், அதாவது பிளவுஸில். பூவும் மயிலும் போட்டால் அதன் மேல் ஊசி ஏறும், பாசி ஏறும், கோடு மறுபடியும் அடியில் போய்விடும். அவளுக்கு வேண்டியது மேலேயே இருக்கிற கோடு. அதற்கு ஒரு பிரயோசனமும் வேண்டாம். போகமாட்டேன், இழுத்துக்கொண்டு போனாலும் அந்த அறைக்குப் போகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து அளந்தாள்.

சொம்பின் வாய் பென்சிலில் நகக்கணு அளவு, வயிறு அதைப்போல் இரண்டு, உயரம் இரண்டரை. சரியான அளவுதான். அளவெடுப்பதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், கழுத்து, தோள், இடுப்பு என்றுதான் அவள் கண் போனது, கழுத்துச் சின்னது, தோள் சரிவு, இடுப்புப் பெரிசு, மீனாட்சி பஜார் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு அச்சு அசல் இதே வாகு. தாளில் புள்ளி வைத்தாள், இங்கிருந்து இது வரை வயிறு, இங்கிருந்து இது வரை வாய். புள்ளிகளைச் சேர்த்து லேசாக, சார் சொன்னபடி தேடித் தேடி, ஒரு வளைவு போட்டாள். போட்டுவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். ஊதிப்போய்த்தான் இருந்தது. மறுபடியும் அண்டா. அளந்ததற்கும் போட்டதற்கும் நடுவில் யாரோ புகுந்து காற்று அடித்துவிட்டுப் போகிறார்கள். சிவப்புப் பென்சில் ஜன்னல் வரிசையை முடித்துவிட்டு நடு வரிசைக்கு வந்துவிட்டது. ரப்பரை எடுத்தாள், வைத்தாள். அழித்துப் போட்டாலும் இதுதான் வரும், பயந்த கைக்கு வேறு என்ன வரும், மோர்மிளகாய் வறுக்கிற நெடி வேறு வந்து தொண்டையைக் கமறுகிறது, பேசாமல் எழுந்து தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், போனால் மாத்திக்கிருவோம் என்றது மாறிவிடுமா, மாறாது, போகிறவளை யாரும் தேடப்போவதில்லை. அப்படியெல்லாம் எழுந்து போகிறவள் இல்லை தவமணி. மாமியார் இருந்த காலத்தில் அடுப்படியில் எவ்வளவு பேச்சு, அப்போதே எழுந்து போனதில்லை.

பக்கத்துப் பலகையில் ஹரிணி. ஆர்க்கிடெக்ட் படிக்கப்போகிற பிள்ளை, நுழைவுத்தேர்வுக்குப் படம் போட வேண்டுமாம், அதற்காக வருகிறது, எப்போதும் வாயில் பபிள்கம். அதன் பலகையில் போன வாரத்துத் தாள் இன்னும் செருகியிருந்தது, சார் திருத்திய தாள், சும்மா அதைப் பார்த்தாள் தவமணி. சிவப்புக் கோடு ஒரு இடத்தில் அந்தப் பிள்ளை போட்ட கோட்டுக்கு உள்ளே போகிறது, அடுத்த இடத்தில் வெளியே வருகிறது, ஒரு மூலையில் மேலே, இன்னொரு மூலையில் கீழே, குடித்தவன் நடக்கிற மாதிரி இங்கும் அங்கும் போகிறது. அதில் என்ன இருக்கிறது, தப்பு என்றால் அப்படித்தான், அங்கங்கே இருக்கும். பார்த்துவிட்டுத் தன் சொம்புக்கே திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். தன்னுடையதில் அப்படி இல்லையே. பலகைக்குப் பின்னால் செருகியிருந்த பழைய தாள்களை உருவினாள், எலுமிச்சம்பழம், டம்ளர், செங்கல். மூன்றிலும் சிவப்பு உள்ளேதான். ஒரு இடத்தில்கூட வெளியே வரவில்லை. உள்ளே என்றால் ஏனோதானோ என்று உள்ளே இல்லை, பழத்தைச் சுற்றி ஒரே சீராக, டம்ளரைச் சுற்றி ஒரே சீராக, செங்கல்லின் மூலையில்கூட இடைவெளி கூடாமல் குறையாமல் அவள் கோட்டை ஒட்டியே திரும்பி, கூடவே ஓடுகிறது. இவ்வளவு சீராகக் கண் தெரியாதவள் தப்புப் போட முடியுமா. இவ்வளவு ஒழுங்காகப் புத்தி பிசகினவளுக்குப் போட வருமா. அவள் தன் பெருவிரலை எடுத்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் வைத்தாள். நகம் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. அந்த நகத்தின் அகலம் அவளுக்கு டேப் இல்லாமலே தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அரை இஞ்சு. தையலுக்கு விடுகிற அரை இஞ்சு.

சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே வந்துவிட்டது, ஹரிணி திரும்பிப் பார்த்து என்ன ஆன்ட்டி என்றது, ஒண்ணுமில்லம்மா நீ போடு என்றாள். எலுமிச்சம்பழத்துக்குத் தையல் விட்டிருக்கிறாள். செங்கல்லுக்கு விட்டிருக்கிறாள். செங்கல் நாளைக்கு விருந்து சாப்பிட்டுப் பெருத்துப் போனால் பிரித்துவிட வேண்டாமா. அளவைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறாள், புள்ளி வைக்கும்போது கை அதுவாகவே வெளியே தள்ளி வைத்திருக்கிறது, கேட்காமல், சொல்லாமல், வருஷக்கணக்காகச் செய்கிற மாதிரி. தையல் பள்ளிக்கூடத்தில் ரோஸ்லின் டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான், அளவு கோட்டில் கத்தரி வைக்காதே, வெளியே அரை இஞ்சு தள்ளி வை, கூடினால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் நீயும் நானும் ஒட்டுப் போட்டாலும் ஆகாது. முதல் பாடம் முதுகெலும்பில் போய் உட்கார்ந்துவிட்டது போல. துணிக்கு மட்டுமா. உலை வைத்தால் ஒரு ஆள் கூட வந்தாலும் வரட்டும் என்று ஒரு பிடி அதிகம். பஸ்ஸுக்குக் கிளம்பினால் ஒரு பஸ் போனாலும் போகட்டும் என்று முன்னாலேயே. மாமியார் பேசினால் அவர் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று இடம், குருநாதன் கேலி செய்தால் அவர் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று இடம், மகளுக்கு, மருமகனுக்கு, அளவு கொடுத்துவிட்டுப் பெருத்து வருகிற அத்தனை பேருக்கும் சுற்றிச் சுற்றி அரை இஞ்சு விட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அவளுக்கு யார் விட்டார்கள். இந்தச் சார்கூட, நல்ல பிள்ளைதான், வாராவாரம் சிவப்பில் உள்ளே கோடு போட்டானே, ஒரு நாளாவது இது ஏன் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டானா. கேட்டிருந்தால் அவள் அன்றைக்கே சொல்லியிருப்பாள். சரி, அவனை மட்டும் என்ன சொல்வது, அவள் கையை அவளே இன்றைக்குத்தானே கேட்டாள். கோபம் சுர்ரென்று ஏறியது, ஏறினது பிடித்துமிருந்தது. தப்பு என்று சொல்லாதே இதை என்று யாரையோ பார்த்து மனசுக்குள் சொன்னாள், இந்த அரை இஞ்சு இருக்கப்போய்த்தான் எதிர்த்த மண்டபத்தில் ஒருத்தி மூச்சு விடுகிறாள். இது தப்பு இல்லை. சொம்புக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

புதுத் தாளை எடுத்து மாட்டினாள். வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் போதுமா, கைக்குத் தெரிய வேண்டாமா. மறுபடி அளந்தாள், வாய், வயிறு, உயரம். புள்ளி வைக்கப் போனபோது கை தன்னால் வெளியே நகர்ந்தது, இப்போது அவள் அதைப் பார்த்துவிட்டாள், பார்த்ததும் அது திருட்டுப் பூனை மாதிரி நின்றது. உள்ளே வா என்றாள். வந்தது. அளவு கோட்டிலேயே புள்ளி. வைத்ததும், தைக்கிற கோட்டிலேயே கத்தரி வைத்துவிட்ட பயம், போச்சு, குறைந்துவிட்டது, இனிமேல் பிரித்துவிடத் துணி இல்லை, இந்தச் சொம்பு மூச்சு முட்டிச் சாகப்போகிறது. உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்கியது, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இது தாள், துணி இல்லை. இதை யாரும் போட்டுக்கொள்ளப் போவதில்லை, கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகப்போவதில்லை, யாரும் அழுதுகொண்டு வந்து வாசலில் நிற்கப்போவதில்லை. சொம்பு பெருக்காது. இளைக்காது. அது எது வரைக்கும் இருக்கிறதோ அது வரைக்கும்தான் இருக்கிறது, அதற்கு அப்பால் காற்று. ஒரு பொருள் இப்படி ஒரு இடத்தில் முடிந்துபோகிறது என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது போல இருந்தது, பித்தளை முடிகிற அந்த விளிம்பையே பார்த்தாள், மெல்லிசாக வெளிச்சம் ஓடுகிற அந்த ஓரத்தை, பார்த்துக்கொண்டே தோளிலிருந்து கையை இறக்கினாள். பத்துக் கோடு தேடவில்லை. சார் மன்னித்துக்கொள்ளட்டும், இந்த ஒரு தடவை அவள் கடை வழக்கம், ஒரே கோடு. எதிர் மண்டபத்தில் கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள், தவில் பொளந்து கட்டியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஹரிணி ஐயோ என்று பென்சிலைத் தூக்கிவிட்டது, தவமணியின் கை நிற்கவில்லை, கழுத்தில் இறங்கி, தோளில் சரிந்து, வயிற்றைச் சுற்றி, சொம்பு எங்கே முடிகிறதோ அங்கேயே முடிந்தது. மேளம் அடங்கின பிறகுதான் அவள் மூச்சு விட்டாள். பிறகு செங்கல். செங்கல் சின்ன வேலை, மூலைக்கு மூலை கையை உள்ளே வா, உள்ளே வா என்று அதட்டிக்கொண்டே போட்டு முடித்தாள்.

சிவப்புப் பென்சில் வந்தது. அவள் எழுந்து வழி விடவில்லை, மற்ற நாளென்றால் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள், இன்றைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தாள், வேண்டுமென்றால் அவர் சுற்றிக்கொண்டு வரட்டும். ஜெபராஜ் சார் சுற்றிக்கொண்டு வந்தார். குனிந்தார். பென்சிலைக் கழுத்தின் பக்கம் கொண்டுபோனார், தாளில் வைக்காமல் காற்றிலேயே அவள் கோட்டின் மேல் ஓட்டினார், தோளில் ஓட்டினார், வயிற்றில் ஓட்டினார், நிமிர்ந்து முக்காலியைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். எங்கேயும் உள்ளே போக இடம் கிடைக்கவில்லை அவருக்கு. என்னக்கா பண்ணீங்க என்று கேட்டார், உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார். பாத்துப் போட்டேன் சார் என்றாள். மற்றதைச் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், கேட்க வேண்டிய வாரங்களில் கேட்காத கதை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார், செங்கல்லையும் ஒரு சுற்றுப் பார்த்தார், போகப்போகிறார் என்று நினைத்தாள், அப்போது பென்சில் சொம்பின் அடிக்கு இறங்கி, அவள் போட்டிருந்த நேர்க்கோட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு வளைவை இழுத்தது.

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடியில் அவள் தையல் விடவில்லையே, நன்றாகத் தெரியும், கையை அதட்டிப் பிடித்துத்தானே போட்டாள். இங்கே என்ன சார் என்றாள், குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று, ஹரிணி பபிள்கம்மை மெல்வதை நிறுத்தியது.

“அடி தட்டையா இருக்கு பாருங்கக்கா. வாயி வளைஞ்சு தெரியுதுல்ல, அப்ப அடியும் வளைஞ்சுதான் தெரியும். முக்காலில உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டே போட்டா தட்டையாத்தான் வரும். இது எல்லாருக்கும் வர்ற தப்புதான்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். ஹரிணியோடத பாருங்க, அதுலயும் தட்டைதான். எனக்கும் மொத வருஷம் பூரா இப்படித்தான் வந்துச்சு.”

தவமணி ஹரிணியின் பலகையைப் பார்த்தாள். ஆர்க்கிடெக்ட் ஆகப்போகிற பிள்ளையின் சொம்பும் அடி தட்டையாக, பலகை வைத்து இழைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஜன்னல் பக்கத்துப் பையனுடையதும் அப்படித்தான் இருந்தது. அவளுடையதும் அப்படித்தான் இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இறங்கி லேசாகிவிட்டது, அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது, ஆனால் அழுவதற்கு அவள் வரவில்லை. சார் அடுத்த பலகைக்கு நகர்ந்துகொண்டிருந்தார், மாத்திக்கிருவோம் என்று சொன்னதை அவர் மறந்திருப்பாரோ, இல்லை, இப்போது திரும்பிச் சொல்லப்போகிறாரோ. அவர் சொல்கிற வரைக்கும் காத்திருந்தால் அதுவும் அவருக்கு விட்டுக்கொடுக்கிற இடம்தான். சார் என்று கூப்பிட்டாள், அவர் திரும்பினார்.

“நான் இங்கதான் சார் இருப்பேன். அந்த ரூமுக்குப் போகல.”

கேட்கவில்லை, சொன்னாள். அவர் தாடிக்குள் சிரித்துக்கொண்டு, சரிக்கா, மொதல்ல அடியச் சரி பண்ணுங்க என்றுவிட்டுப் போனார். எதிர் மண்டபத்தில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தவமணி ரப்பரை எடுத்தவள் உடனே அழிக்கவில்லை, அந்தத் தட்டைக் கோட்டைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தையல்காரி போட்ட தப்பு இல்லை. படம் போடுகிறவர்கள் எல்லாருக்கும் வருகிற தப்பு. பிறகு அதை அழித்துவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு, சொம்பின் அடி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.